பி.டி. பீரியடில் ஓர் அறக்கேள்வி

பார்வையில்லாத பிள்ளை ஒன்று ஊர்ப் பள்ளியில் மற்றவர்களோடு சேர்ந்து படித்தால், பி.டி. பீரியடில் அதற்கு என்ன வேலை தரப்படும் என்பதைப் பள்ளிக்கூடங்களை அறிந்தவர்கள் எளிதில் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் கழற்றிப் போட்ட செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அல்லது மரத்தடியில் உட்கார்ந்து மைதானத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. 'விழுந்து கிழுந்து வைத்தால் பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது' என்று பி.டி. மாஸ்டர் கேட்பார். அவர் அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் அந்த அக்கறையின் விளைவைப் பாருங்கள்: பத்து வருடம் பள்ளிக்குப் போன பிள்ளை ஒரு முறைகூட மூச்சிரைக்க ஓடாமல் வெளியே வருகிறது. இதை வெறும் நிர்வாகக் குறையாக நான் கருதவில்லை. ஓடவும் எறியவும் குதிக்கவும் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது நம் விருப்பத்தைப் பொறுத்த கருணையா, தீர்க்க வேண்டிய கடனா என்பது அறம் சார்ந்த கேள்வி. கடன் என்பதே என் முடிவு. விளையாட்டை மருந்தாகவோ உடற்பயிற்சியாகவோ மட்டும் கொடுத்தால் அந்தக் கடன் பாதிதான் தீரும் என்றும் நினைக்கிறேன்.

முதலில் உடலைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையைப் பார்த்துவிட வேண்டும். பார்வையில்லாதவர்களின் நடை தயங்கியிருப்பதையும் தோள் குறுகியிருப்பதையும் பார்ப்பவர்கள், அது கண்ணில்லாததால் வந்தது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செல்மா ஃப்ரைபெர்க் என்ற உளவியலாளர், பிறவியிலேயே பார்வையில்லாத, வேறு குறை எதுவும் இல்லாத குழந்தைகளை மாதக்கணக்கில் அவரவர் வீட்டிலேயே கவனித்து, 1977இல் அதை நூலாக வெளியிட்டார். அந்தக் குழந்தைகள் உட்காருவதும் பிடித்து நிறுத்தினால் நிற்பதும் மற்றக் குழந்தைகளின் வயதை ஒட்டியே நடந்தன. தவழ்வதும் தானாக நடப்பதும்தான் தள்ளிப்போயின. தசையிலோ எலும்பிலோ கோளாறு இல்லை. குப்புறக் கிடக்கும் குழந்தைக்கு எதிரே ஒரு கிலுகிலுப்பை தெரிகிறது. அதை எடுக்க வேண்டும் என்ற ஆசையில் அது கையை ஊன்றி முன்னே நகர்கிறது. பார்வையில்லாத குழந்தைக்கோ, கேட்கும் ஒலிக்குப் பின்னால் கைநீட்டி எடுக்கக்கூடிய பொருள் ஒன்று இருக்கிறது என்பது முதல் வருடத்தின் கடைசி மாதங்களில்தான் பிடிபடுகிறது. அதுவரை அதை முன்னே இழுக்க எதுவும் இல்லை. ஒலிக்கும் பொம்மைகளைக் கையில் கொடுத்து, பிறகு சற்றுத் தள்ளி வைத்து ஆசை காட்டும் முறையைப் பெற்றோருக்கு ஃப்ரைபெர்கின் குழு கற்றுத் தந்தது. அப்படி உதவி பெற்ற குழந்தைகள், உதவி கிடைக்காத முந்தைய குழந்தைகளைவிட முன்னதாகவே நடந்தார்கள். ஆகவே தயங்கிய நடைக்கு இருட்டு மட்டும் காரணமில்லை. போய்த் தொடுவதற்கு எதுவும் வைக்கப்படாததே பெரிய காரணம்.

இன்னொரு சான்று 1944இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பார்வையில்லாதவர்கள் பலர் சுவரை முட்டுவதற்கு முன்பே அது இருப்பதை உணர்ந்து நின்றுவிடுவார்கள். முகத்தில் ஏதோ அழுத்தம் தெரிவதாக அவர்களே சொல்லிவந்ததால், அதை முகத்தின் தனிப் புலன் என்றும் தெய்வம் கொடுத்த ஈடு என்றும் பலர் நம்பினார்கள். மைக்கேல் சூப்பா என்ற ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சூப்பாவுக்கே பார்வை கிடையாது. முகத்தைக் கனத்த துணியால் மூடியபோதும் நடந்தவர்கள் தடையை உணர்ந்தார்கள். காதை அடைத்ததும் போய் முட்டிக்கொண்டார்கள். தரைவிரிப்பின் மேல் காலுறையோடு நடந்து காலடி ஓசை குறைந்தபோது உணர்வு மங்கியது. அவர்கள் அறியாமலே எதிரொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியவந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த செய்தி: அதே சோதனையில் கண்ணைக் கட்டிக்கொண்ட பார்வையுள்ளவர்களும் பழகப் பழக அந்தத் திறனைப் பெற்றார்கள். அது தெய்வ ஈடும் இல்லை, அபூர்வ வரமும் இல்லை. பயிற்சியால் வருவது. பயிற்சியால் வருவதைக் கொடுக்கவும் முடியும், கொடுக்காமல் விடவும் முடியும். கொடுக்காமல் விட்டவர் யார் என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

சமய மனம் இதற்குச் சொல்லும் முதல் பதில் வினை. 'போன பிறவியில் செய்தது, அனுபவிக்கிறான்' என்பது நம் ஊர்களில் இன்றும் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. வினைக் கொள்கையை மறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை. அந்தக் கொள்கைக்குள் நின்றே பதில் சொல்லலாம். சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று பிரிக்கிறது. ஒருவர் இப்போது அனுபவிப்பது அவருடைய பிராரத்தம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் இப்போது செய்வதும் செய்யாமல் விடுவதும் நிற்பவரின் ஆகாமியக் கணக்கில் ஏறுகிறது. அடுத்தவர் பிராரத்தத்தைச் சுட்டிக்காட்டி என் ஆகாமியத்திலிருந்து நான் தப்ப முடியாது. காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் 'பிராரத்தம்' என்று சொல்லி மருந்தை நிறுத்திவைக்கும் சைவர் யாரும் இல்லை. மற்றச் சமயங்களின் நூல்களிலும் இதே கேள்வி எழுந்து, இதே திசையில்தான் தீர்ந்திருக்கிறது. யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் கண்டு, பாவம் செய்தது இவரா இவரைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவருமே இல்லை என்கிறார் இயேசு. திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயம் நம் பேச்சுக்கு இன்னும் நெருங்கி வருகிறது. குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பார்வையில்லாத இப்னு உம்மி மக்தூம் கற்றுக்கொள்ள வந்தார். அவரைக் கவனிக்காமல் முகம் திருப்பியதை அந்த வசனங்கள் கண்டித்தன என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். அவர் பிச்சை கேட்டு வரவில்லை, குணமாக்கும்படியும் கேட்கவில்லை, கற்க வந்தார். அதே மனிதர் பிறகு மதீனாவில் தொழுகைக்கு அழைப்பவராகவும், நபி வெளியூர் சென்ற நாட்களில் நகரப் பொறுப்பை ஏற்றவராகவும் இருந்தார் என்பது இஸ்லாமிய மரபு போற்றிச் சொல்லும் செய்தி.

தமிழ்ச் சைவத்திலும் இதற்கு ஒரு கதை இருக்கிறது. அதை நாம் சரியாகப் படிக்கவில்லை என்பது என் வருத்தம். சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்லும் தண்டியடிகள் திருவாரூரில் பிறவியிலேயே பார்வையில்லாதவர். கோயிலின் மேற்குப் பக்கத்துத் திருக்குளம் தூர்ந்து சுருங்கியதைக் கேட்டு, அதைத் தோண்டிப் பெருக்கத் தானே இறங்குகிறார். குழிக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டுகிறார். மண்ணை வெட்டிக் கூடையில் வாரி, கயிற்றைத் தடவிக்கொண்டே கரைக்கு ஏறிக் கொட்டிவிட்டு, அதே கயிற்றைப் பிடித்துத் திரும்பி இறங்குகிறார். பார்வையில்லாத பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் இன்று முதலில் செய்வதும் இதைத்தான்: இடுப்பு உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் கையை நழுவவிட்டபடி தனியே ஓடச் சொல்வார்கள். கதையில் எதிர்ப்பவர்களாக வரும் சமணர்கள் அவருடைய குருட்டுத்தன்மையைக் கேலி செய்து, மண்வெட்டியைப் பிடுங்கி, தறியையும் கயிற்றையும் பறித்துவிடுகிறார்கள். முடிவில் அடிகளுக்குப் பார்வை வருகிறது, அவர்களுக்குப் போகிறது. இந்த முடிவை அக்காலச் சமயப் பூசலின் சுவடாகவே நான் படிக்கிறேன். பார்வையின்மையைத் தண்டனையாக்கும் அந்தப் பகுதியை ஏற்க எனக்கு மனமில்லை. ஆனால் முன்பகுதி சொல்வதை மறுக்க முடியாது. அற்புதம் நிகழ்வதற்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு தறியும் ஒரு கயிறும் இருந்தவரை அவருக்குக் கண் தேவைப்படவில்லை. கயிறு பறிபோன பிறகுதான் அவர் கையற்று நிற்கிறார். ஒருவரை முடக்குவது கண்ணின் குறையா, கயிற்றின் குறையா என்பதைச் சேக்கிழார் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்கிறார். நம் காலட்சேபங்களோ நேராக அற்புதத்துக்குத் தாவிவிடுகின்றன.

பார்வையில்லாதவர்களுக்கு 'அகக்கண்' உண்டு, 'ஞானக்கண்' உண்டு என்று பாராட்டும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கேட்க இனிமையான பாராட்டுதான். ஆனால் அது அவர்களை உடலிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. அவர்கள் பாடலாம், தியானிக்கலாம், சொற்பொழிவு செய்யலாம். வியர்க்க வேண்டிய இடத்தில் அவர்களுக்கு வேலையில்லை என்றாகிவிடுகிறது. ரயில் பெட்டியில் பாடிக்கொண்டு வருபவரை ஏற்றுக்கொள்ளும் சமூகத்துக்கு, ஈட்டி எறியும் பார்வையில்லாத பெண்ணைக் கற்பனை செய்வது கடினமாக இருக்கிறது. மனிதரை ஆன்மாவாக மட்டும் மதிப்பதாகச் சொல்லி உடலைப் பட்டினி போடுவது எந்தச் சமயத்துக்கும் பெருமை இல்லை.

சரி, உடல் நலத்துக்காக விளையாடட்டும் என்று இப்போது ஒருவர் இறங்கி வரலாம். இந்த இடத்தில்தான் நான் பிடிவாதமாக நிற்க விரும்புகிறேன். எதற்கும் பயன்படாத ஒரு மகிழ்ச்சியை நம்முடைய வேதாந்தம் கடவுளுக்கே உரியதாக்கியிருக்கிறது. எல்லாம் நிறைந்த பரம்பொருள் உலகைப் படைக்க என்ன தேவை வந்தது என்ற கேள்விக்கு, பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் தரும் விடை லீலை, விளையாட்டு என்பதே. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர் தம் ஸ்ரீபாஷ்யத்தில் அதற்கு ஓர் உவமை தருகிறார்: உலகம் முழுவதையும் ஆளும், எந்தக் குறையும் இல்லாத பேரரசன் ஒருவன், வெறும் மகிழ்ச்சிக்காகப் பந்தாடுவதைப் போல என்கிறார். தேவை துரத்தும்போது செய்வது வேலை. நிறைவிலிருந்து செய்வது விளையாட்டு. மதுரையில் சிவன் செய்த 64 செயல்களையும் திருவிளையாடல் என்றே அழைத்துவந்த மொழி நம்முடையது. விளையாட்டைச் சுதந்திரத்தின் அடையாளமாக இவ்வளவு உயரத்தில் வைத்த மரபு, பார்வையில்லாத பிள்ளைக்கு மட்டும் பிசியோதெரபியும் கைத்தொழிலும் போதும் என்று எப்படிச் சொல்லும்? ஒருவர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் பயன் இருந்தாக வேண்டும் என்று கேட்பது, அவரை முழு மனிதராக எண்ணாததன் அடையாளம். பார்வையுள்ள பிள்ளை கிரிக்கெட் ஆடினால் 'இதனால் தோள் பலம் பெறுமா' என்று யாரும் விசாரிப்பதில்லை.

விளையாட்டு தன் பிறப்பிடமான சிகிச்சையை மீறி எப்படி வளரும் என்பதற்குக் கோல்பாலைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக ஆஸ்திரியாவின் ஹான்ஸ் லொரென்ட்சனும் ஜெர்மனியின் செப் ரைண்டிலும் 1946இல் உருவாக்கியது அது. 1976இல் டொரன்டோ பாராலிம்பிக்கில் பதக்க விளையாட்டாகியது. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலமுள்ள உள்ளரங்கத் தளம். கோடுகளுக்கு அடியில் கயிறு ஓட்டி மேலே டேப் ஒட்டியிருப்பார்கள்; ஆட்டக்காரர் கையாலும் காலாலும் தடவித் தன் இடத்தைத் தெரிந்துகொள்வார். ஒரு பக்கத்துக்கு மூன்று பேர். பந்துக்குள் மணிகள், எடை ஒன்றேகால் கிலோ. கோல் கம்பங்கள் தளத்தின் முழு அகலத்துக்கும் நிற்கும். எதிரணி உருட்டி எறியும் பந்து தரையில் வரும் ஓசையைக் கேட்டு, அது எங்கே வந்து சேரும் என்று கணித்து, மூவரும் பக்கவாட்டில் பாய்ந்து முழு உடலையும் நீட்டிப் படுத்துத் தடுக்க வேண்டும். எல்லோர் கண்ணிலும் ஒளி புகாத மறைப்பு இருக்கும். ஓரளவு பார்வையுள்ளவருக்கும் அதே இருட்டுதான். ஆட்டம் ஓடும்போது அரங்கம் முழுவதும் வாய் மூடி இருந்தாக வேண்டும். கோல் விழுந்த பிறகுதான் ஆரவாரம். விளையாடுபவரின் புலனுக்கு ஏற்றபடி பார்வையாளர்கள் தங்களை மாற்றிக்கொள்ளும் இந்த ஒழுக்கத்தை நான் வெகுவாக மதிக்கிறேன். நம் சமூகம் தலைகீழாகவே பழகிவிட்டது.

'விதியை மாற்றி ஆடுவது உண்மையான ஆட்டமாகுமா' என்று சிலர் கேட்பதுண்டு. பார்வையற்றோர் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். மெல்போர்னில் 1922இல் பார்வையில்லாத தொழிலாளர்கள் தகர டப்பாவில் கற்களைப் போட்டு ஆடத் தொடங்கியது அது. முதல் உலகக் கோப்பை 1998இல் டெல்லியிலும் இரண்டாவது 2002இல் சென்னையிலும் நடந்தன. உள்ளே பால்ரஸ் குண்டுகள் குலுங்கும் பிளாஸ்டிக் பந்து. பந்து வீசுபவர் 'ரெடி?' என்று கேட்டு, மட்டையாளர் 'யெஸ்' என்று சொன்ன பிறகு, 'ப்ளே' என்று குரல் கொடுத்துக் கைக்குக் கீழாக உருட்டுவார். பந்து பிட்ச்சின் பாதிக்கு முன்பே தரையில் பட வேண்டும். 11 பேரில் குறைந்தது நால்வர் முழுப் பார்வையின்மை உள்ளவர்கள். அவர்கள் எடுக்கும் ரன் இரட்டிப்பாகக் கணக்காகும். இவை சலுகைகள் என்று தோன்றினால், குத்துச்சண்டையில் எடைப் பிரிவு எதற்கு, கூடைப்பந்து வளையம் ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். எல்லா விளையாட்டும் மனிதர்கள் ஒப்புக்கொண்ட தடைகளால் ஆனவைதான். ஜூடோவில் மாற்றம் இன்னும் சிறியது: இருவரும் ஒருவர் உடையை ஒருவர் பிடித்த நிலையில் ஆட்டம் தொடங்கும், அவ்வளவுதான். அந்த ஜூடோவில் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வீரர் கபில் பர்மார் வென்ற வெண்கலம் எந்த வகையிலும் குறைந்ததல்ல.

ஆபத்து பற்றிய ஆட்சேபம்தான் கனமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பார்வையின்மை ஒரே மாதிரியானதல்ல. கடுமையான கிட்டப்பார்வையால் விழித்திரை மெலிந்த பிள்ளைக்குத் தலையில் அடிபடும் ஆட்டங்கள் மிச்சமிருக்கும் பார்வையையும் பறித்துவிடலாம். நிறமிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு நண்பகல் வெயில் கண்ணைக் கூசச்செய்து ஒன்றும் தெரியாமலாக்கும்; மாலைக்கண் உள்ள பிள்ளைக்கு அந்தி சாய்ந்ததும் மைதானம் மறைந்துபோகும். கண் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்த ஆசிரியரும் இவர்களைத் தளத்தில் இறக்கக் கூடாது. ஆனால் இந்த அறிவு எந்த ஆட்டம், எந்த நேரம் என்று தேர்ந்தெடுக்க உதவ வேண்டும். மரத்தடியில் உட்கார வைப்பதற்குச் சாக்காகக் கூடாது. முழங்கால் சிராய்ப்பு வேறு வகை. எல்லாப் பிள்ளைகளும் தம் உடலின் எல்லையை அப்படித்தான் அறிகிறார்கள். அந்தச் சிராய்ப்பை முழுவதும் தடுத்துவிட்டால், பிள்ளை வளர்ந்து தனியே சாலையைக் கடக்கும் நாளில் அதைவிடப் பெரிய ஆபத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.

'முதலில் படிப்பு, வேலை; விளையாட்டு அப்புறம்' என்பவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. லண்டனில் 1872இல் பார்வையற்றோருக்கான ராயல் நார்மல் கல்லூரியைத் தொடங்கிய பிரான்சிஸ் கேம்ப்பெல் தாமே பார்வையில்லாதவர். 1880இல் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறியவர். பியானோ ஸ்ருதி சேர்க்கவும் இசை கற்பிக்கவும் மாணவர்களைத் தயார்செய்த அந்தக் கல்லூரியில் அவர் உடற்பயிற்சிக்கும் நீச்சலுக்கும் சறுக்காட்டத்துக்கும் பெரிய இடம் கொடுத்தார். தைரியமில்லாத உடலில் தொழில் தங்காது என்பது அவர் அனுபவம். ஆனாலும் என் வாதத்தை இந்தச் செய்தியின் மேல் நிறுத்த மாட்டேன். வேலை கிடைக்காவிட்டாலும் அந்தப் பிள்ளை விளையாடியிருக்க வேண்டும் என்பதே என் பக்கம். சட்டமும் இப்போது அந்தப் பக்கம்தான் நிற்கிறது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 30ஆம் பிரிவில், பள்ளியிலும் வெளியிலும் விளையாட்டில் மற்றப் பிள்ளைகளோடு சமமான பங்கைக் கேட்கிறது. இந்தியா அதை 2007இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் விளையாட்டுக்கென்றே இருக்கிறது.

செலவு பெரிய தடை இல்லை. சணல் கயிறு, அகல டேப், பால்ரஸ் போட்ட பந்து எல்லாம் ஒரு பள்ளியால் வாங்கக்கூடியவை. தட்டுப்பாடு சொல்லித்தரத் தெரிந்தவர்களுக்குத்தான். 'இதோ, இப்படி' என்று செய்துகாட்டிப் பழகிய ஆசிரியருக்கு அந்த 'இப்படி' இங்கே செல்லாது. குண்டெறிதலைச் சொல்லித்தர வேண்டுமென்றால், பிள்ளையின் அனுமதியைக் கேட்டு, அதன் கையைத் தன் தோளில் வைத்துத் திரும்பிக் காட்ட வேண்டும். இடுப்பு முதலில் சுழல்வதையும் தோள் பின்னால் வருவதையும் அது தொட்டு அறிய வேண்டும். பிறகு முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, குண்டு போய் விழும் இடத்தில் ஒருவரைக் கைதட்டச் சொல்லி எறியவிட வேண்டும். இதை உடற்கல்விப் பட்டயப் படிப்பிலேயே பயிற்சியாகக் கொடுக்க வேண்டும். பயிற்சி ஆசிரியர்களுக்குப் பத்து நிமிடம் கண்ணைக் கட்டிவிட்டு 'இதுதான் அவர்கள் உலகம்' என்று காட்டும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் புதிதாக இருட்டில் நிற்பவரின் பயம் மட்டும்தான் கிடைக்கும். கார்னெல் சோதனையில் வந்ததுபோன்ற திறனுக்கு நாட்கள் வேண்டும். அந்த நாட்களை அவர்கள் கோல்பால் தளத்தில், பல வருடம் ஆடித் தேர்ந்த பார்வையில்லாத வீரர் ஒருவரிடம் மாணவராக இருந்து கழிக்க வேண்டும். அப்படிப்பட்ட வீரர்களைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிற்சியாளர்களாக, சம்பளத்தோடு நியமிக்க வேண்டும்.